வெளிநாட்டு ஏடிஎம்மில் 'கன்வர்ஷன்' கேட்டால் எதை அழுத்துவது?

மாம்பலம்வாசி கேட்டது:

அடுத்த மாதம் பாங்காக், கிராபி, மொத்தம் எட்டு நாள். கையில் இருப்பது சென்னையில் ஒரு வங்கி கொடுத்த விசா டெபிட் கார்டு. சாப்பாடு, படகு, டாக்சி என்று தாய்லாந்து நாணயத்தில் 20,000 பாட் வரை ரொக்கம் வேண்டியிருக்கும். அங்கே மெஷினில் பணம் எடுக்கும்போது கடைசியில் ஒரு திரை வரும், 'ரூபாயில் இவ்வளவு கழியும், சம்மதமா' என்று கேட்கும், அதில் சம்மதிக்கக் கூடாது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். காரணம் சரியாகப் புரியவில்லை. கேள்விகள் நான்கு.

ரூபாய்க் கணக்கு முன்கூட்டியே தெரிவது நல்லதுதானே? 'டிக்லைன்' அழுத்தினால் பணமே வராமல் போய்விடாதா? ரூபாயிலேயே கழிந்தால், வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனைக்கு என் வங்கி மேலே போடும் 3.5 சதவீத மார்க்அப் மிச்சம் இல்லையா? ஒவ்வொரு முறையும் 220 பாட் கட்டணம் என்கிறார்களே, அதைத் தவிர்க்க வழி உண்டா?

பேரேடு:

முதல் மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்தத் திரையில் கேட்பது உங்கள் வங்கி இல்லை, விசாவும் இல்லை. மெஷின் வைத்திருப்பவர் அங்கேயே நடத்தும் நாணய மாற்றுக் கடை அது. டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி என்பார்கள். கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கத்தை வைத்தே எந்த நாட்டு வங்கி, எந்த நாணயக் கணக்கு என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். இந்தியக் கார்டு என்றால் உடனே தன் ரேட்டில் பெருக்கி ரூபாய்த் தொகையை நீட்டும்.

நீங்கள் சரி என்றால் பாட்டை ரூபாயாக்குவது அவர்கள். வேண்டாம் என்றால் பாட் தொகை அப்படியே விசாவுக்குப் போகும், விசா அன்றைய தன் ரேட்டில் மாற்றும், அதன்மேல் உங்கள் வங்கி மார்க்அப் போடும். எப்படியும் ஒருவர் மாற்றத்தான் போகிறார். விசாவின் ரேட் மொத்தச் சந்தை ரேட்டை ஒட்டி இருக்கும், மெஷின்காரர் ரேட்டில் அவருடைய லாபமும் டிசிசி சேவை தரும் நிறுவனத்தின் பங்கும் ஏற்றப்பட்டிருக்கும்.

தொகை முன்கூட்டியே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ரூபாய்க்கும் பாட்டுக்கும் இடையே ரேட் ஒரே நாளில் ஒரு சதவீதம் அசைவதே அபூர்வம். அதற்குப் பயந்து ஐந்து, ஆறு சதவீதம் கொடுப்பது நூறு ரூபாய் செருப்புக்கு ஐந்நூறு ரூபாயில் பூட்டு வாங்குகிற கதை.

டிக்லைன் அழுத்தினால் பணம் வரும். அது 'கன்வர்ஷன் வேண்டாம்' என்பதற்குத்தான், 'பணம் வேண்டாம்' என்பதற்கு கேன்சல் என்று தனிப் பட்டன் உண்டு.

சீலோம்:

தாய்லாந்து மெஷினில் திரைகள் எப்படி வரும் என்பதைச் சேர்த்துவிடுகிறேன். வங்கிக்கு வங்கி வாசகம் கொஞ்சம் மாறும், நடை ஒன்றுதான்.

கார்டு, மொழி, பின் நம்பர், வித்டிராயல், கணக்கு வகையில் சேவிங்ஸ், பிறகு தொகை. இதற்கப்புறம் சம்மதம் கேட்டு இரண்டு திரைகள் வரும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

ஒன்று கட்டணத் திரை. வெளிநாட்டுக் கார்டுக்கு 220 பாட் சேர்த்துக் கழிப்போம் என்று சொல்லும். சில வங்கிகளில் இப்போது 250. இதற்கு 'நோ' சொன்னால் கதை முடிந்தது, கார்டு வெளியே வந்துவிடும். இங்கே சம்மதித்தே ஆகவேண்டும்.

இன்னொன்று கன்வர்ஷன் திரை. ரூபாயைக் குறிக்கும் ஐஎன்ஆர் என்ற மூன்றெழுத்து எங்கே தெரிகிறதோ அதுதான் இது. 'அக்செப்ட் கன்வர்ஷன்', 'டிக்லைன் கன்வர்ஷன்' என்று இருக்கலாம், 'கன்டினியூ வித்தவுட் கன்வர்ஷன்' என்று இருக்கலாம், 'சார்ஜ் இன் ஐஎன்ஆர்', 'சார்ஜ் இன் டிஎச்பி' என்றும் இருக்கலாம், டிஎச்பி என்பது பாட். சில மெஷினில் அக்செப்ட் பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும், டிக்லைன் ஓரமாக இருக்கும். டிக்லைன் அழுத்தினதும் 'உங்கள் வங்கி கூடுதல் கட்டணம் வசூலிக்கலாம், ரேட்டுக்கு உத்தரவாதம் இல்லை, நிச்சயமா' என்று மறுபடி ஒரு திரை வருவதும் உண்டு. அதையும் தாண்டிப் போங்கள். எதைப் பார்த்தாலும் குழப்பமாக இருந்தால் ஒரே விதி: கையில் விழப்போகும் நோட்டு எந்த நாட்டுடையதோ அந்த நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள்.

டிக்லைனுக்கு வழியே காட்டாமல் ரூபாய்த் தொகையை மட்டும் காட்டும் மெஷின் என்றால் கேன்சல் அடித்துக் கார்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வங்கி மெஷினுக்குப் போய்விடுங்கள். கேன்சல் செய்தால் 220 போகாது.

அந்த 220 பற்றி. பெரிய வங்கி மெஷின்கள் எல்லாவற்றிலும் உண்டு, தவிர்க்க முடியாது. ஆனால் தொகை எவ்வளவானாலும் கட்டணம் அதேதான். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம், 20,000 எடுத்தால் 1.1 சதவீதம். ஆகவே உங்களுக்குத் தேவையான இருபதாயிரத்தை ஒரே தடவையில் எடுத்து, ஹோட்டல் லாக்கரில் பாதியை வையுங்கள். பல மெஷின்களில் ஒரு தடவைக்கான உச்சம் 20,000. சிலவற்றில் 25,000, 30,000 வரை போகும்.

இன்னொன்று. சில மெஷினில் பணம் முதலில் வரும், கார்டு பிறகுதான் வரும். நம்மூர்ப் பழக்கத்தில் நோட்டை எண்ணிக்கொண்டே நடந்துவிடாதீர்கள்.

ஐந்தொகை:

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். விசா ரேட் 1 பாட் = 2.70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக, போகும் அன்று விசாவின் தளத்தில் உள்ள ரேட் கால்குலேட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் வங்கிக் கட்டணம் என்ற கட்டத்தில் 0 போட்டால்தான் வெறும் ரேட் வரும்.

எடுப்பது 10,000 பாட். 220 சேர்ந்து 10,220 ஆகக் கழியும்.

டிக்லைன் செய்தால்: 10,220 × 2.70 = 27,594 ரூபாய். வங்கி மார்க்அப் 3.5 சதவீதம் 965.79. அந்த மார்க்அப்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 173.84. இதுபோக வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம் என்று பல வங்கிகள் ஒரு தொகை போடும். 125 என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு 147.50. மொத்தம் 28,881.

அக்செப்ட் செய்தால், மெஷின்காரர் 6 சதவீதம் ஏற்றியிருக்கிறார் என்று கொண்டால் ரேட் 2.862. 10,220 × 2.862 = 29,249.64. அந்த 220 பாட் கட்டணமும் சேர்ந்தே மோசமான ரேட்டில் மாறுகிறது, கவனியுங்கள். மேலே அதே 147.50. மொத்தம் 29,397.

இதோடு முடிந்தால் வித்தியாசம் 516 ரூபாய். முடியாது. மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கும் பல இந்திய வங்கிகள் தனியாகக் கட்டணம் வாங்குகின்றன, 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் என்பது பரவலாகக் காணும் அளவு. அப்படியானால் இன்னும் 345 ரூபாய் சேர்ந்து 29,742. ரூபாய் என்றாலும் எல்லை தாண்டிய பரிவர்த்தனைதான் என்று முழு 3.5 சதவீதத்தையும் போடும் வங்கியாக இருந்தால் 30,605. மார்க்அப்பை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மார்க்அப் கட்டுவது என்பது இதுதான். உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் 'ரூபாயில் செய்யப்படும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.

கிரெடிட் கார்டை மெஷினில் போடவே போடாதீர்கள். கேஷ் அட்வான்ஸ் கட்டணம் தனி, எடுத்த நாளிலிருந்தே வட்டி தனி.

நாலணா:

எல்லாரும் 'கண்ணை மூடிக்கொண்டு டிக்லைன்' என்கிறீர்கள். ஐந்தொகை போட்ட கணக்கே அதை முழுசாக ஆதரிக்கவில்லையே. வங்கி மார்க்அப் 3.5, அதன்மேல் ஜிஎஸ்டி, சேர்ந்தால் 4.13 சதவீதம். மெஷின்காரர் 3 சதவீதம்தான் ஏற்றியிருக்கிறார், என் வங்கி ரூபாய்ப் பரிவர்த்தனைக்கு ஒன்றும் வாங்குவதில்லை என்றால் அக்செப்ட்தானே மலிவு?

ஐந்தொகை:

சரியான கேள்வி. அந்த இரண்டு நிபந்தனையும் ஒன்றாக அமைந்தால் அக்செப்ட் மலிவுதான், மறுக்கவில்லை. ஏடிஎம்மில் 3 சதவீத டிசிசி கிடைப்பதுதான் அரிது. கடைகளின் ஸ்வைப் மெஷினில் அவ்வப்போது பார்க்கலாம்.

மெஷின் முன்னால் நின்று கணக்குப் போட நேரம் இருக்காது, சில விநாடிகளில் திரை அணைந்துவிடும். ஆகவே அறையிலிருந்து கிளம்பும்போதே உங்கள் எல்லைக்கோட்டை ஃபோனில் குறித்துவையுங்கள். விசா ரேட்டை 1.0413ஆல் பெருக்குங்கள். 2.70 என்றால் 2.81. வங்கி ரூபாய்ப் பரிவர்த்தனைக்கு 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் வாங்கும் என்றால் கோடு 2.78க்கு இறங்கும். முழு 3.5 வாங்கும் என்றால் கோடு 2.70தான், அதற்குக் கீழே எந்த மெஷினும் தராது. திரையில் காட்டும் ரேட் உங்கள் கோட்டுக்கு மேலே இருந்தால் டிக்லைன்.

ஒரு கண்ணி உண்டு. சில திரைகள் ரேட்டைத் தலைகீழாகக் காட்டும்: 1 ஐஎன்ஆர் = 0.3494 டிஎச்பி என்று. இங்கே சின்ன எண்தான் மோசம். 2.70 என்பது இந்தக் கணக்கில் 0.3704. 'நோ கமிஷன்' என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது, கமிஷன் ரேட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மார்க்அப்பே இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. அவருக்கு எந்த டிசிசியும் நஷ்டம்தான்.

வடமராட்சியான்:

சுவிஸில இருந்து ஒரு சேர்க்கை. யூரோ நாடுகளில இந்தச் சங்கதி இன்னும் மோசம், அதுவும் வங்கிக் கட்டடத்தில இல்லாமல் சுற்றுலாத் தெருவில, நினைவுப்பொருள் கடைக்குப் பக்கத்தில தனிய நிக்கிற மெசினுகள். பிராங் கணக்கு அட்டையைப் போட்டு 200 யூரோ கேட்டால் 'பிராங்கில 206.80, சம்மதமோ' எண்டு காட்டும். அட்டை நிறுவனத்தின்ர ரேட் 0.94 எண்டால் 188 பிராங்தான் வரவேணும். பத்து வீதம் அப்பிடியே போட்டுது.

ஐரோப்பிய ஒன்றியத்தில 2019/518 எண்டு ஒரு சட்டம் இருக்கு. அதின்படி 2020 ஏப்ரல் 19 தொடக்கம், மாற்றுக் கட்டணம் ஐரோப்பிய மத்திய வங்கியின்ர குறிப்பு ரேட்டுக்கு மேல எத்தினை வீதம் எண்டதைக் காசு எடுக்க முந்தியே காட்டவேணும். சட்டம் ஒன்றியத்துக்குள்ள குடுத்த அட்டைகளுக்குத்தான், எண்டாலும் வெளி அட்டைக்கும் அந்த வீதத்தைக் காட்டுற மெசினுகள் இருக்கு. திரையில வீதக் குறி எங்கையாவது நிக்குதோ எண்டு தேடுங்கோ, சின்ன எழுத்திலதான் நிக்கும். நாலணா கேட்ட கணக்கை அந்த இலக்கத்தை வைச்சே முடிக்கலாம்.

அந்த மெசினுகளில இன்னொரு வேலையும் நடக்கும். தொகைப் பட்டியலில 300, 400 எண்டு பெரிசாத்தான் முன்னுக்கு நிக்கும், 50 எடுக்க 'வேறு தொகை' எண்டதுக்குள்ள போகவேணும்.

மாம்பலம்வாசி:

நிறைய தெளிந்தது, எல்லாருக்கும் நன்றி. கட்டணப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். என் வங்கி ரூபாய்ப் பரிவர்த்தனைக்கும் முழு 3.5 வாங்குகிறது, ஆக டிக்லைன்தான். இன்னும் இரண்டு. பாட் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிப் போனால் இந்தத் திரையே வராதா? தவறுதலாக அக்செப்ட் அழுத்திவிட்டால் பிறகு திருத்த முடியுமா?

பேரேடு:

ஃபாரெக்ஸ் கார்டிலும் வரும், அங்கே அழுத்துவது இன்னும் ஆபத்து. உள்ளே பாட் இருக்கிறது என்பது மெஷினுக்குத் தெரியாது, முதல் இலக்கங்களைப் பார்த்து ரூபாயிலோ டாலரிலோ கணக்கு நீட்டும். அக்செப்ட் செய்தால் மெஷின் பாட்டை ரூபாயாக்கிக் கேட்கும். பெரும்பாலான ஃபாரெக்ஸ் கார்டில் ரூபாய்ப் பை, அதாவது ரூபாய் இருப்பு வைக்கும் பகுதி, கிடையாது. கார்டு நிறுவனம் உங்கள் பாட்டையோ டாலரையோ மறுபடி மாற்றி அந்த ரூபாயைக் கட்டும், அதற்கு கிராஸ் கரன்சி கட்டணம் போடும். பாட் கையிலேயே இருந்தும் இரண்டு தரம் மாற்றின கணக்கு. டிக்லைன் செய்தால் பாட் பையிலிருந்து நேராகக் கழியும், மாற்றமே இல்லை. 220 பாட் கட்டணம் இந்தக் கார்டுக்கும் உண்டு, பையில் அதற்கும் சேர்த்து இருப்பு வையுங்கள். சரியாக 20,000 மட்டும் ஏற்றிவிட்டு 20,000 கேட்டால் மறுத்துவிடும்.

அழுத்தினதைத் திருத்துவது ஏடிஎம்மில் நடக்காது. விருப்பம் கேட்டார்கள், நீங்கள் சம்மதித்தீர்கள் என்பதற்குப் பதிவு இருக்கும். கேட்காமலே மாற்றிவிட்டார்கள் என்றால் மட்டும் உங்கள் வங்கியில் டிஸ்பியூட் போடலாம், கார்டுதாரரின் விருப்பத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியிலும் உண்டு. ஸ்லிப்பைப் பத்திரமாக வையுங்கள். அதில் டிஎச்பி, ஐஎன்ஆர் இரண்டும், நடுவில் ஒரு ரேட்டும் அச்சாகியிருந்தால் டிசிசி நடந்திருக்கிறது. பாட் தொகை மட்டும் இருந்தால் நடக்கவில்லை.

சீலோம்:

கிளம்புமுன் செய்யவேண்டியது ஒன்று விட்டுப்போனது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் 1 முதல் புதிதாக வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். வங்கி ஆப்பில் 'இன்டர்நேஷனல்' பகுதிக்குப் போய் ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் இருப்பதைப் பார்த்து, ஏடிஎம் சுவிட்சைப் போடுங்கள். அதற்குக் கீழேயே தினசரி உச்சவரம்பு இருக்கும், ரூபாயில். 50,000 என்று இருந்தால் 20,000 பாட் வராது: 20,220ஐ 2.70ஆல் பெருக்கினால் 54,594 ஆகிறது. மெஷின் 'எக்ஸீட்ஸ் லிமிட்' என்று மட்டும் சொல்லும், ஆட்கள் டிக்லைன் அழுத்தினதால்தான் போச்சு என்று நினைத்து அடுத்த முறை அக்செப்ட் அழுத்துவார்கள். 65,000, 70,000 என்று ஏற்றிவைத்து, எடுத்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கணக்கில் கழிந்து பணம் வெளியே வரவில்லை என்றால் மெஷின் எண், இடம், நேரம் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு உங்கள் சொந்த வங்கியில் புகார் கொடுங்கள். மெஷின் வைத்திருக்கும் தாய்லாந்து வங்கியிடம் போய்ப் பயனில்லை. உள்நாட்டு ஏடிஎம்மில் ஐந்து நாளுக்குள் திரும்பவில்லை என்றால் நாளுக்கு 100 ரூபாய் என்கிற ரிசர்வ் வங்கி இழப்பீடு வெளிநாட்டு மெஷினுக்குப் பொருந்தாது. கார்டு நிறுவனம் வழியாகத்தான் திரும்பும், வாரக்கணக்கில் ஆகலாம்.

நாலணா:

கடையில் கேட்காமலே ரூபாயில் ஸ்வைப் பண்ணிவிட்டால்?

பேரேடு:

அங்கே திருத்தலாம், அப்போதே பார்த்தால். பின் நம்பர் போடுமுன் மெஷின் திரையில் டிஎச்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஐஎன்ஆர் இருந்தால் சிவப்புப் பட்டனை அழுத்தித் திருப்பிக் கொடுத்து 'பாட் ப்ளீஸ்' என்று சொன்னால் போதும். ஸ்லிப் வந்த பிறகுதான் கவனித்தீர்கள் என்றால் 'வாய்ட்' செய்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் அன்றைய கணக்கை முடிக்கும்வரை வாய்ட் செய்யலாம், தொகை அப்படியே விடுபட்டுவிடும். மறுநாள் போனால் வாய்ட் கிடையாது, ரீஃபண்ட்தான், அதற்கு அன்றைய ரேட் வேறாக இருக்கும்.